பத்திரத்தில் இல்லாத வேர்

ஜேசிபி ஒன்றரை மணி நேரம் நின்றது.
பணத்தை எண்ணிக்கொண்டே கெம்பண்ணா சொன்னார்:
"மரமெல்லாம் எடுத்தாச்சு, இனி இது தோட்டம்."
அவர் எடுத்தது
மண்ணுக்கு மேலே இருந்த பாதி.

மீதிப் பாதி எனக்கு.
ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடித்து
அஞ்செட்டி பஸ்ஸில் தூங்கி வழிந்து
தேன்கனிக்கோட்டை தாண்டி இறங்கி
எட்டரைக்குக் கடப்பாரை எடுப்பேன்.
உசிலை வேர் ஒடியாது, முறுக்கும்.
வெப்பாலை வெட்டினால் பால்விடும்.
உன்னிச்செடி, பிடுங்கின இடத்தில்
பிடுங்காத மாதிரி நிற்கும்.
துரிஞ்சிக் கட்டை ஒன்றைக்
கல் என்று நினைத்து
நான்கு நாள் சுற்றி வந்தேன்.

மாதேசு வந்து பார்த்துவிட்டு
"கொளுத்திவிடலாம்" என்றார்.
அதற்குள் கோடைமழை பிடித்துக்கொண்டது.

காட்டு மண், எருவே வேண்டாம்,
குச்சியை நட்டால்கூடக் காய்க்கும் என்று
பத்திரம் முடியும்வரை
புரோக்கர் சொன்ன மண்.
மேலே இரண்டு விரற்கடை கறுப்பு.
கீழே செம்மண்.
அதற்கும் கீழே, முழங்கை அதிர,
சுக்கான் கல்.

முதலில் தூவிய தண்டுக்கீரை
நாலாவது இலையில் மஞ்சளாகி நின்றுவிட்டது.
கைப்பிடி மண்ணை மஞ்சப்பையில் முடிந்துகொண்டு
கிருஷ்ணகிரி போனேன்.
குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள்
என் வயசுதான் இருப்பாள்.
"மரத்தூளை உள்ளேயே போட்டு உழுதீங்களா?"
ஆமாம்.
"அதைத்தான் தின்னுட்டிருக்கு.
தின்னு முடிக்கிறவரை
தழைச்சத்தை யாருக்கும் விடாது.
பந்தி நடக்கும்போது
பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கலாமா?"

ஒரு வருசம் ஆகலாம் என்றாள்.
மாசாமாசம் வங்கி பிடிக்கிற நிலம்
ஒரு வருசம் உட்கார்ந்து சாப்பிடட்டும்.
நானே பரிமாறினேன்:
கௌரம்மா வீட்டுச் சாணம்,
டீக்கடை எறிந்த தூள்,
பூ விரிந்த அன்றே மடக்கி மிதித்த சணப்பை.
ஆடியில், வேலியோரம், துவரை.

லைனில் இந்தக் கை
நிமிடத்துக்குப் பன்னிரண்டு ஸ்க்ரூ முடுக்கும்.
இங்கே ஒரு மாசமாக
ஒன்றையும் முடிக்கவில்லை.
கொப்புளம் மட்டும்
இரண்டுக்கும் ஒரே இடத்தில்.

புரட்டாசியில் ஒரு மண்புழு பார்த்தேன்.
மாதேசுக்குப் போன் போட்டேன்.
"புழுவுக்கா கூப்பிட்டே?"
பின்னே யாருக்குக் கூப்பிடுவதாம்.

ஐப்பசியில் துவரைக்குப் பக்கத்தில்
நான் விதைக்காத ஒன்று.
எதிரெதிர் இலை,
அடிப்பக்கம் கொஞ்சம் வெளுப்பு.
கசக்கி மோந்தேன், வாசனை இல்லை.
கௌரம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொன்னாள்:
"இலையில என்ன இருக்கும்? அது கந்தம்.
சந்தனம்மா.
இப்பவே வேரோட பிடுங்கிடு.
வளர்ந்தா விஏஓ வருவான்,
வெட்டினா ஃபாரஸ்ட்டுக்காரன் வருவான்,
ரெண்டும் இல்லேன்னா ராத்திரியில திருடன் வருவான்."

பிடுங்கத்தான் குனிந்தேன்.
விரலால் மண்ணை ஒதுக்க ஒதுக்க
ஜேசிபியின் பல் பட்ட தழும்போடு
பழைய வேர் ஒன்று படுத்திருந்தது.
கெம்பண்ணா கணக்கில் போனவருசமே செத்தது.
அதிலிருந்துதான் இந்தத் தண்டு.
அதன் நூல் ஒன்று நீண்டு போய்
துவரை வேரின் மேல்
கம்மல் திருகாணி அளவுக்கு
வாய் வைத்திருந்தது.

அந்தத் துவரைக்கு மட்டும்
தண்ணீர் ஏன் போதவில்லை என்று
இரண்டு வாரமாக யோசித்தேன்.

கிழக்கே வண்டிப்பாதை,
மேற்கே மூன்றாம் எண் மனை,
வடக்கே ஓடை, தெற்கே கௌரம்மா.
பத்திரம் எழுதியவர்
கீழே யார் என்று கேட்கவே இல்லை.

மண்ணைத் தள்ளி மூடினேன்.
"பிடுங்கிட்டியா?" என்றாள்.
இருமினேன்.

தை பிறந்தால் கத்தரி நடலாம்.
முப்பது நாற்று சொல்லிவைத்திருந்தேன் அவளிடம்.
இருபத்தெட்டு போதும் என்றேன்.
ஏன் என்று அவளும் கேட்கவில்லை,
மறுநாள் சாணத்தோடு
இன்னும் ஒரு பிடி துவரை விதை
கட்டிக் கொடுத்தாள்.